கீழ்நோக்கு நாள்

வைன் புட்டியின் முதுகில் 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எழுதியிருந்தால், எந்த ஊர் அறை, எந்த மாதத்து அறை என்று கேட்க வேண்டும். அந்தச் சொல் ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் பிறந்தது. அங்கே அறை என்றால் 16, 17 டிகிரி. தரமணியில் மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் என் வீட்டில், சித்திரை மாதத்து இரவு ஒன்பது மணிக்கு அறை என்றால் 33 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு வைனை ஊற்றினால் அதிலுள்ள சாராயம்தான் முதலில் எழுந்து வந்து மூக்கில் குத்தும். பழத்தின் வாசனை அதற்குப் பின்னால் எங்கோ நின்றுவிடும். வாயில் எரிச்சலும், அடிபிடித்த ஜாம் போன்ற ஒரு கனத்த இனிப்பும் மிஞ்சும்.

ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே நாளில் வாங்கிய இரண்டு நாசிக் புட்டிகள். ஒன்றைத் தை மாதம் திறந்தோம். நாவல்பழமும் மிளகும் கலந்தாற்போல் இருந்தது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். இரண்டாவதைச் சித்திரையில் திறந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. "இதுவா அது?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். நாங்கள் மூவர் என்பது நான், வங்கியில் வேலை செய்யும் ஒரு தோழி, வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கும் இன்னொரு தோழி. மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சந்திப்போம். வைனுக்காகச் சந்திக்கிறோம் என்று சொல்ல முடியாது. வைன் இல்லாமலும் சந்தித்திருப்போம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை.

ஒரே வைன் ஏன் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் சப்பென்றும் இருக்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நான் இருக்கும் இடமும் அப்படி. ஒரு பக்கம் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், இன்னொரு பக்கம் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நடுவில் இரவெல்லாம் விளக்கெரியும் மென்பொருள் கட்டடங்கள். தமிழ் படித்தவள் எதையும் முதற்பொருளில்தான் தொடங்குவாள். நிலம், பொழுது. நிலமும் பொழுதும் இல்லாமல் எந்த உணர்ச்சிக்கும் நம் இலக்கணத்தில் இடமில்லை. சுவைக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்?

பொழுது என்றால் முதலில் வெயில். சிவப்பு வைனை 15லிருந்து 18 டிகிரிக்குள்ளும் வெள்ளை வைனை 8லிருந்து 12க்குள்ளும் குடிக்கச் சொல்கிறார்கள். சென்னையில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சிவப்புப் புட்டியையும் ஃப்ரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் போதும். இதைச் சொன்னால் வைன் தெரிந்த ஆண்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் படித்த புத்தகத்தில் அக்னி நட்சத்திரம் இல்லை. ஆனால் புட்டி நம் கைக்கு வருவதற்கு முன்பே வெந்துபோயிருந்தால் ஃப்ரிட்ஜாலும் ஒன்றும் செய்ய முடியாது. நாசிக்கிலிருந்து லாரியில் வந்து, கூரை சூடேறிய கிடங்கில் கிடந்து, கடையில் விளக்குக்கு அடியில் மாதக்கணக்கில் நின்ற புட்டிக்குள் இருப்பது அந்தத் தோட்டத்துக்காரர் அடைத்து அனுப்பியது அல்ல.

அடுத்தது மூக்கு. நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வாய்க்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. சளி பிடித்த நாளில் ரசம் வெறும் புளித்தண்ணீராகத் தெரிவது எல்லாருக்கும் தெரியும். 2020, 2021இல் கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் காபி மணம் அறியாமல் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அன்று தலையில் வைத்த மல்லிகை, ஏற்றிய ஊதுபத்தி, பக்கத்து வீட்டுக் கருவாடு எல்லாமே கோப்பைக்குள் வந்துவிடும். சில சமயம் குற்றம் கார்க்கில் இருக்கும். டிரைகுளோரோஅனிசோல் என்று ஒரு வேதிப்பொருள் அதில் உருவாகிவிட்டால் வைனில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அளவு மிகக் குறைந்தால் அந்த வாசம்கூடத் தெரியாது. வைன் ஊமையாகிவிடும், அவ்வளவுதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். அந்தப் பொருள் புதிதாக ஒரு நாற்றத்தைச் சேர்ப்பதைவிட, வாசனை அறியும் நரம்பணுக்களை வாயடைத்துவிடுகிறது. குற்றம் செய்தது அது, நமக்குக் கிடைப்பதோ நம் மூக்கின் மேல் சந்தேகம். இந்த உத்தி பெண்களுக்குப் புதிதில்லை.

வாய்க்கு முன்னால் என்ன போனது என்பதும் முக்கியம். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும். மைசூர்பாகு தின்ற வாயில் காபி கசக்கும். வைனுக்கும் இதே கதிதான். இனிப்புக்குப் பின் குடித்தால் புளிக்கும், பல் துலக்கிய கையோடு குடித்தால் கசக்கும், சிக்கன் 65க்குப் பின் குடித்தால் எரியும். மிளகாயின் காரத்தைச் சாராயம் தூக்கிவிடுகிறது. சிவப்பு வைனில் இருக்கும் டானினுக்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: துவர்ப்பு. வாழைப்பூவும் பாக்கும் நாவலும் தின்று வளர்ந்த நாக்குக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் வாய் உலர்கிறது. ஏற்கெனவே உலர்ந்த வாயில் அது இரட்டிப்பாகத் தெரியும். நாற்பதுகளின் நடுவில் மாதவிடாய் தடுமாறத் தொடங்கும்போது பல பெண்களுக்கு வாய் உலர்கிறது. தும்மலுக்குப் போடும் மாத்திரையும் உலர்த்தும். சர்க்கரைக்கு எடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்கு நாக்கில் தகர வாசம் தரும். எங்கள் மூவரில் ஒருத்திக்கு ஒரு வாய் வைன் போனாலே கழுத்திலிருந்து காதுவரை கொதிக்கத் தொடங்கும். மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். "எனக்கு இப்ப வைன் வேணாம், ஐஸ் வேணும்" என்பாள். அந்த நாளில் பிரான்சின் மிகப் பெரிய தோட்டத்து வைனைக் கொடுத்தாலும் வீண்.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்பும் வெயிலும். மனம் செய்வது இன்னொரு கூத்து. போர்தோ நகரில் ஃப்ரெடெரிக் புரோஷே என்பவர் வெள்ளை வைனுக்கே சிவப்புச் சாயம் ஏற்றி, வைன் கலை படித்த 54 மாணவர்களிடம் கொடுத்தார். 2001இல் அந்த ஆய்வு வந்தது. சிவப்பு வைனுக்குச் சொல்லும் சொற்களையே அவர்கள் சொன்னார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒரே வைனை இரண்டு விலை சொல்லிக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். அதிக விலை சொன்னபோது மூளையில் இன்பத்தைக் காட்டும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. எதிர்பார்ப்பும் ஒரு மசாலா. அது கூடிப்போனாலும் குழம்பு கெடும். எங்கள் இரண்டாவது புட்டியிடம் முதல் புட்டியின் நினைவைத்தான் கேட்டோம்.

நாள் பார்த்து வைன் குடிப்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் மரியா துன் என்ற பெண் நிலா எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று உழவர்களுக்காக ஒரு நாட்காட்டி போட்டார். விதைப்பதற்காகப் போட்டதை வைன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழ நாளில் வைன் மணக்கும், வேர் நாளில் சுருண்டுகொள்ளும் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சமையலறைச் சுவரில் அம்மா மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். ராகுகாலம், எமகண்டம், குளிகைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: கீழ்நோக்கு நாள். கிணறு வெட்டவும் கிழங்கு நடவும் கீழ்நோக்கு நாள், மாடி எழுப்பவும் மரம் வைக்கவும் மேல்நோக்கு நாள். மரியா துன்னுக்கும் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கும் இடையில் அத்தனை தூரம் இல்லை. வெண்டி பார் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். நியூசிலாந்து வைன் துறையைச் சேர்ந்த 19 பேருக்கு 12 பினோ நுவார் வைன்களை, எது என்று சொல்லாமல், பழ நாளிலும் வேர் நாளிலும் கொடுத்தார்கள். நாளுக்கும் சுவைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

நிலாவை விட்டுவிடலாம். 'சில நாட்களில் வைன் கெடும்' என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தவர்கள் வேறொரு நாளையும் கைகாட்டினார்கள். அது நம்முடைய நாள்.

பிளினியை நமக்குத் தெரியும். முசிறியைப் பற்றி எழுதியவர். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பிய ரோமானியர். தமிழக வணிகத்தின் பெருமை பேசும் எந்தக் கட்டுரையிலும் அவர் வந்துவிடுவார். நானும் வகுப்பில் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதே பிளினி, அதே 'இயற்கை வரலாறு' நூலின் ஏழாம் பகுதியில், மாதவிடாய்ப் பெண் நெருங்கினால் புது வைன் புளித்துவிடும், பயிர் பட்டுப்போகும், கண்ணாடி மங்கும் என்று எழுதியிருக்கிறார். 5 கோடியைப் பாடப்புத்தகத்தில் போட்ட நாம் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அதன்பிறகு 1,800 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1920இல், வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெயர்பெற்ற மருத்துவர், தன் வீட்டுப் பணிப்பெண் மாதவிடாய் நாளில் தொட்ட பூக்கள் வாடிவிட்டன என்று கண்டு, அவள் உடம்பில் ஒரு நஞ்சு சுரக்கிறது என்று கட்டுரை எழுதினார். அதற்கு மெனோடாக்ஸின் என்று பெயரும் வந்தது. அப்படி ஒரு நஞ்சு இருப்பதை யாராலும் நிறுவ முடியவில்லை. பூவைத் தொட்டவளிடம், அன்று உனக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருப்பார்களா தெரியாது.

எங்கள் வீட்டில் வைன் இல்லை, நார்த்தங்காய் ஜாடி இருந்தது. "மூணு நாளும் ஜாடிகிட்ட போகாதே, பூத்துடும்" என்பாள் அம்மா. பூஞ்சை பிடிப்பதைத்தான் அத்தனை அழகாகச் சொல்வார்கள். அந்த மூன்று நாளும் என் தம்பி ஈரக் கையை விட்டு நார்த்தங்காய் எடுத்துத் தின்பான். ஜாடி பூத்தால் அது என் கணக்கில் எழுதப்படும். எழுபது வயதான அம்மாவிடம் போன மாதம் பிளினியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த ஊர்லயும் ஒரு மாமியார் இருந்திருப்பா" என்றாள்.

புறநானூற்றில் நக்கீரர் ஒரு பாண்டியனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த மதுவைப் பேசுகிறார். 56ஆம் பாடல். அந்த மது குளிர்ச்சியானது, மணமுள்ளது என்கிறார். எனக்கு இது வியப்பு. வெப்பநிலையும் வாசனையும்தான் வைனுக்கு வேண்டிய இரண்டு, அவர் அந்த இரண்டையும் சொல்லிவிட்டார். யவனக் கப்பல்கள் கோடையில் எகிப்தின் துறைமுகத்தை விட்டுப் பருவக்காற்றோடு கடல் தாண்டி வந்தவை. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் பகுதியின் ஆம்ஃபோரா சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அத்தகைய சாடிகளின் உட்புறம் பிசின் பூசியிருப்பார்கள். கோஸ் தீவுப் பாணி வைனில் கடல்நீரும் கலப்பார்கள். அப்படியென்றால் பாண்டியன் குடித்தது கொஞ்சம் உப்பும் கொஞ்சம் பிசினும் கலந்த வைனாக இருக்கலாம். அதைக் குளிரவைத்தது எது என்று பாட்டில் இல்லை. பொற்கலத்தில் ஏந்தி ஊற்றியவர்கள் வளையணிந்த பெண்கள் என்று மட்டும் இருக்கிறது. ஊற்றியவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று நக்கீரர் கேட்கவில்லை.

பட்டினப்பாலை கேட்கிறது. புகாரின் பெண்கள் இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகிலுக்கு மாறினார்கள், ஒரு மதுவை விட்டு இன்னொரு மதுவுக்கு மாறினார்கள் என்று உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். பொழுதுக்கு ஏற்ற உடை, பொழுதுக்கு ஏற்ற குடி. இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது பையன்கள் நெளிவார்கள், பெண்கள் நிமிர்வார்கள்.

நிமிர்வதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் குடியைப் பற்றி ஒரு பெண் எழுதும்போது டாஸ்மாக் கடையைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கைக்கு வந்தபின் ஊர் ஊராகக் கடையை மூடச் சொல்லி மறியல் செய்ததில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள்தான். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் உடம்புக்குத் தீங்கில்லை என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. மார்பகப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றைத் தெரிந்துகொண்டுதான் நான் குடிக்கிறேன். குடிக்கும் உரிமைதான் விடுதலை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை.

வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். அந்தச் சித்திரை இரவுக்கு மறுநாள் காலையில் கழுவப் போட்ட கோப்பைகளில் ஒன்றில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதுவும் சரக்குதானா டீச்சர்?"

"ஆமாக்கா. திராட்சையில செய்யறது."

இன்னொரு முறை முகர்ந்தார். "அந்த நாத்தம் இல்லியே. பழைய துணி ஊறப்போட்ட மாரி இருக்குது."

அப்படித்தான் இருந்தது. முந்தின இரவு மூன்று படித்த பெண்கள் தேடிக் கிடைக்காத வர்ணனை அது. எப்படிச் சரியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார். புருஷன் தெருமுனையில் வரும்போதே, காற்று இந்தப் பக்கம் அடித்தால், எவ்வளவு குடித்திருக்கிறான் என்று தெரிந்துவிடுமாம். குவார்ட்டர் என்றால் சோறு போடலாம். அதற்கு மேல் என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். இருபது வருஷம் அந்த மூக்கை வைத்துத்தான் பிழைத்தோம் என்றார். அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கணக்குப் போடுவாராம்.

வைன் சுவைப்பவர்களுக்குப் பயிற்சி தர வெளிநாட்டில் சின்னச் சின்னக் குப்பிகளில் வாசனைகளை அடைத்து விற்கிறார்கள். செர்ரி, தோல், புகையிலை, ஈரமண். அக்காவின் மூக்கு எந்தக் குப்பியில் பயின்றது என்று நினைத்தால் அந்தப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை குறைகிறது. சுவையறிவு என்பதை ஓய்வும் காசும் உள்ளவர்களின் சொத்தாகவே பேசுகிறோம். பயமும் மூக்கைத் தீட்டும். ஆனால் அப்படித் தீட்டப்பட்ட மூக்கால் எதையும் ரசிக்க முடியாது. அது காவலுக்கு நிற்கிற மூக்கு.

சித்திரை இரவை நான் அதன்பிறகு வேறுமாதிரி யோசித்தேன். வெயில் இருந்தது உண்மை. கார்க் கெட்டிருந்திருக்கலாம், அக்கா சொன்ன பழைய துணி வாசம் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் அன்று வங்கித் தோழியின் போன் மேசையில் குப்புறக் கிடந்தது. கால்மணிக்கு ஒருமுறை அதிர்ந்தது. எங்கே இருக்கே, யாரோட இருக்கே, எப்ப கிளம்பறே. ஒவ்வொரு முறையும் அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள், போனில் வாசம் போய்விடும் என்பதுபோல. கிளம்பும் முன் ஏலக்காய் கேட்டாள். நாங்கள் இருவரும் அவளுடைய கடிகாரத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம். தை மாதத்தில் அவள் கணவர் வெளியூரில் இருந்தார். இந்தக் காரணத்தை எந்த வைன் புத்தகமும் எழுதாது. பிளினி எழுதினால் தலைகீழாக எழுதுவார்.

அம்மா இப்போதும் காலண்டரைக் கிழிக்கிறாள். மகளிர் கல்லூரியில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, ஔவை அதியமானோடு சேர்ந்து குடித்ததைப் பாடிய 235ஆம் பாடலை நடத்தி முடித்ததும் எழுந்து, "மேம், அவங்க வீட்டுக்கு எத்தன மணிக்குப் போவாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. விடுதியில் ஆறரைக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். ஔவைக்குக் கதவே கிடையாது, வழிதான் உண்டு என்று ஏதோ சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இப்போது ஒரு புட்டி படுத்திருக்கிறது. திருகுமூடி போட்டது, கார்க் தொல்லை இல்லை. நாள் குறிக்கப் போன வாரம் மூவரும் பேசினோம். பூ நாளா பழ நாளா பார்க்கவா என்று கேட்டேன். மொழிபெயர்ப்புத் தோழி புரட்டாசி முடியட்டும், வெயில் தணியட்டும் என்றாள். வங்கித் தோழி தன் காலண்டரைப் பார்த்தாள். பெரியவளுக்குக் காலாண்டு, அப்புறம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் தணிக்கை. "ஐப்பசியில ரெண்டாவது சனிக்கிழமை. ஆனா மதியம்" என்றாள். "மூணு மணிக்கு ஆரம்பிச்சா ஏழு வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க." மூன்று மணி என்றால் புட்டியை இரண்டரைக்கே வெளியே எடுத்துவைக்கலாமா கூடாதா என்று நாங்கள் வாதாடத் தொடங்கினோம்.